தாய்மொழியில் ஒரு குழாய் இணைப்பு

தென்கரைக்குளம் நகராட்சி, தமிழ்நாட்டின் மற்ற நகராட்சிகள் கனவிலும் நினைக்கத் துணியாத ஒரு காரியத்தைச் செய்து முடித்திருக்கிறது. வாசகர்கள் முடிந்தால் எழுந்து நின்று இதை வாசிக்க வேண்டும். தன் எல்லைக்குள் பேசப்படும் எந்தச் சின்ன மொழியும் இனி நாதியற்றது அல்ல, ஒவ்வொரு குடிமகனுக்கும் அவனவன் தாய்மொழியிலேயே நகராட்சிச் சேவை வழங்கப்படும் என்று நகர்மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. தீர்மானம் நிறைவேறியபோது பகல் பன்னிரண்டு ஐம்பது. ஒரு மணிக்குப் பிரியாணி என்று முன்பே சொல்லியிருந்ததால் விவாதம் நீளவில்லை.

தென்கரைக்குளத்தை அறியாதவர்களுக்காகச் சொல்வது: மதுரைக்குத் தெற்கே ரிங் ரோட்டைத் தாண்டியதும் முதலில் மூக்கு அறியும், பிறகு கண் அறியும். பேரூராட்சி நகராட்சியாக உயர்ந்து நாலு வருடம் ஆகிறது. உயர்ந்தது போர்டு மட்டும்தான், சாக்கடை பழைய உயரத்திலேயே இருக்கிறது என்று சொல்பவர்கள் ஊர் வளர்வதைப் பொறுக்காதவர்கள்.

தீர்மானத்துக்குப் பின்னால் ஒரு தவம் இருக்கிறது. ஆணையர் சரண்யாதேவி பதினொரு நாள் ஆய்வுப் பயணமாக நார்வே நாட்டின் வடகோடிக்குப் போய்வந்தார். அங்கே சாமி என்றொரு சிறுபான்மை இனம். (மன்றத்தில் இந்தப் பெயரைச் சொன்னதும் ஒரு உறுப்பினர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.) பனிமான் மேய்ப்பவர்கள். உள்ளூர் நிர்வாகத்துக்கு அவர்கள் தங்கள் மொழியில் மனுக் கொடுக்கலாம். பதிலும் அதே மொழியில் வரும். ஆணையர் உருகிப்போனார். திரும்பும்போது மூன்று பொருள்கள் கொண்டுவந்தார். ஒரு கம்பளிக் குல்லாய், பனிமான் ஒன்றின் கொம்பைப் பிடித்தபடி நிற்கும் புகைப்படம், அந்த ஊர் அலுவலகத்தின் விண்ணப்பப் படிவம். குல்லாய் மதுரை வெயிலில் பயன்படவில்லை. புகைப்படம் அறையில் மாட்டப்பட்டது. படிவம் ஒரு வரிகூட விடாமல் தமிழாக்கப்பட்டது.

"மைனஸ் இருபது டிகிரியில், கை விறைக்க விறைக்க, ஒரு மூதாட்டிக்கு அவருடைய மொழியில் பதில் எழுதுகிறார்கள்," என்று திட்டத் தொடக்க விழாவில் ஆணையர் பேசினார். "நமக்கு என்ன குறை? வெயில் இருக்கிறது. பேனா இருக்கிறது. சிறுபான்மையினர் மட்டும் கிடைத்துவிட்டால் நம்மை மிஞ்ச ஆள் இல்லை."

கிடைத்தவர் கோவர்த்தனன்.

கோவர்த்தனனுக்கு ஐம்பத்து நான்கு வயது. இட்லி, தோசை மாவு அரைத்து விற்பவர். மதுரை மகால் பக்கத்தில் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, தென்கரைக்குளம் நாலாவது தெருவின் கடைசியில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். கடையில் தமிழ். சாமி கும்பிடும்போது இரண்டும். எழுதுவது மட்டும் எப்போதும் தமிழ்தான். அவர் அப்பா அப்படித்தான், தாத்தாவும் அப்படித்தான். மதுரையில் அந்த மொழி பேசும் ஏராளமான குடும்பங்களில் வழக்கம் இதுதான். அந்த மொழிக்கென்று தனி எழுத்து உண்டு என்று கோவர்த்தனன் கேள்விப்பட்டிருக்கிறார், அமெரிக்காவில் ஒரு பெரியப்பா மகன் இருக்கிறான் என்று கேள்விப்படுவதைப் போல. முகம் தெரியாது.

இதெல்லாம் அவருக்கு ஒரு பிரச்சினையாகத் தோன்றியதே இல்லை. அவருடைய பிரச்சினை தண்ணீர்.

நாலாவது தெருவில் குழாய் பதித்தபோது அவர் வீடு அஸ்திவாரத்தில் இருந்தது. மற்ற வீடுகளுக்கெல்லாம் இணைப்பு வந்தது, அஸ்திவாரத்துக்கு வரவில்லை. தெருமுனைப் பொதுக்குழாயிலிருந்து மனைவி சுகுணாதான் குடம் குடமாகக் கொண்டுவந்துகொண்டிருந்தாள். மார்கழியில் அவளுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனது. ஆறு மாதத்துக்குக் குடத்தைத் தூக்குவது இருக்கட்டும், குடத்தைப் பார்க்கவே கூடாது என்றார் டாக்டர். அன்றிலிருந்து அரிசி ஊறவைக்க, உளுந்து கழுவ, கிரைண்டர் அலச, குடிக்க, குளிக்க, எல்லாவற்றுக்கும் பதினான்கு குடம் கோவர்த்தனன் தோளில். வீட்டுக் குழாய்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மணி நேரம் வரும் தண்ணீரில் பக்கத்து வீட்டைக் கேட்பதற்கும் ஒரு அளவு இருக்கிறது.

அதோடு பிப்ரவரிக் கடைசியில் தெருவுக்குச் சிமெண்ட் ரோடு வருகிறது என்று செய்தி. நகராட்சி பிளம்பர் மொக்கையன் மாவு வாங்க வந்த இடத்தில் எச்சரித்தான்.

"அண்ணே, ரோடு விழுகுறதுக்குள்ள ஆர்டரை வாங்கிட்டு வந்துருங்க. எனக்கு அரை மணி நேர வேலை. பைப்பு, வால்வு அம்புட்டும் ரெடியா வச்சிருக்கேன். ரோடு விழுந்துருச்சுன்னா அஞ்சு வருசத்துக்கு ஒரு ஆணிகூட அடிக்க விட மாட்டாய்ங்க."

"ஆர்டர் வாங்க எம்புட்டு நாளாகும்?"

"பன்னெண்டு நாள். போன வாரம் வாங்குன ஆளு சொன்னாரு."

ஜனவரி இருபத்தொன்றாம் தேதி கோவர்த்தனன் நகராட்சிக்குப் போனார். இரண்டாவது தெரு பாதுஷாவும் மச்சினன் வீட்டு இணைப்புக்காக அங்கே வரவேண்டியிருந்தது, அவர் ஆட்டோவிலேயே போனார்கள். கவுண்ட்டரில் இளநிலை உதவியாளர் வீரணன். நல்ல மனிதன். ஆனால் அவன் கழுத்தில் ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருந்தது: மாதக் கடைசிக்குள் ஒரு சிறுபான்மை மொழியினரையாவது பதிவு செய்ய வேண்டும் என்று அவனுக்கு இலக்கு.

"தாய்மொழி?" என்று பாதுஷாவைக் கேட்டான்.

"தமிழ்."

"உருது இல்லையாண்ணே?" குரலில் ஏக்கம்.

"எங்க வீட்டுல ஸலாம் சொன்னதுக்கு அப்புறம் எல்லாமே தமிழ்தான் மாப்ள. சண்டை உள்பட."

வீரணன் பெருமூச்சோடு எழுதிக்கொண்டு கோவர்த்தனன் பக்கம் திரும்பினான். "அண்ணே, உங்களுக்கு?"

பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு, மக்கள்தொகைக் கணக்கு, எல்லாவற்றிலும் அந்தக் கட்டத்தில் 'தமிழ்' என்றுதான் கோவர்த்தனன் சொல்லிவந்திருக்கிறார். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அன்று தலைக்கு மேலே 'உங்கள் மொழி, உங்கள் உரிமை' என்று பெரிய பேனர் தொங்கியது. கீழே வீரணன் பசித்த கன்றுக்குட்டிபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். அரசாங்கத்திடம் ஒரே ஒருமுறை உண்மையைச் சொன்னால் என்ன குடிமுழுகிவிடும் என்று கோவர்த்தனன் நினைத்தார். ஐம்பத்து நான்கு வயதில் வரக்கூடாத நினைப்பு.

"சௌராஷ்டிரம்," என்றார்.

வீரணன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கை கொடுத்தான். யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். பாதுஷாவின் விண்ணப்பம் இடது தட்டில் போடப்பட்டது. கோவர்த்தனனுடையது சிவப்பு நாடா கட்டிய புதிய கோப்பில் வைக்கப்பட்டது. கோப்பு எண் ஒன்று.

அவரைக் கொல்லைப்பக்க அறைக்கு அழைத்துப்போனார்கள். முன்பு அங்கே கொசு மருந்து வைத்திருந்தார்கள், இன்னும் வாசனை இருந்தது. வாசலில் 'தாய்மொழிச் சேவைப் பிரிவு' என்று தமிழில் புதுப் பலகை. உள்ளே ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கு நேர் எதிர்ச் சுவரில் தங்க நிறச் சட்டம் போட்ட ஒரு படம். சுழிசுழியாக ஏதோ வரைந்து, மாலை போட்டிருந்தது. கட்டடத்துக்கு வாஸ்துக் குறை தீர எந்திரத் தகடு மாட்டியிருக்கிறார்கள்போல என்று கோவர்த்தனன் நினைத்துக்கொண்டார். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஒரு கும்பிடு போட்டு உட்கார்ந்தார்.

வீரணன் உள்ளே வந்து, எதுவும் பேசாமல் ஒரு சுற்றறிக்கையை நீட்டினான். விதி ஒன்பது: தன் தாய்மொழியை அறிவித்த குடிமகனுக்கு அம்மொழியிலேயே சேவை வழங்க வேண்டும். வேறு மொழியில் பேசும் ஊழியர் அவருடைய உரிமையைப் பறித்தவராவார், குறிப்பாணை வழங்கப்படும்.

"சரி, அப்ப சௌராஷ்டிரத்துல பேசுங்க."

வீரணன் இரண்டு கையையும் விரித்தான்.

"தெரியாதா? தெரிஞ்சவங்க யாரு?"

வீரணன் மேலே காட்டினான். மாடியா, சென்னையா, கடவுளா என்று தெரியவில்லை. பிறகு பெருவிரலை வாயருகே கொண்டுபோய் டீ குடிப்பதுபோலச் சாடை செய்துவிட்டு வெளியே நடந்தான்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் அவனுக்கு வாய் வந்தது. "இங்கன நான் பொதுமக்கள்ல ஒருத்தன்ணே. தமிழ்ல பேசலாம். ஆபீசுக்குள்ள பேசுனா மெமோ. மொழி உதவியாளர்னு ஒரு போஸ்ட்டு கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருக்காக. வந்ததும் உங்க ஃபைலுதான் மொதல்ல."

"எப்ப வரும்?"

"அதைத் தெரிஞ்சுக்க ஒரு கமிட்டி போட்டிருக்காக."

அன்று முதல் கோவர்த்தனன் காலையில் பதினான்கு குடம் சுமந்து, மாவரைத்துக் கடையில் வைத்துவிட்டு, பத்து மணிக்கு அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஆஜராகாத விண்ணப்பதாரருக்கு ஆர்வமில்லை என்று கருதப்படும் என்பது விதி பதினொன்று. எதிரே தங்கச் சட்டம். வெள்ளிக்கிழமைகளில் வீரணன் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஊதுபத்தி ஏற்றினான். பார்சல் சென்னையிலிருந்து வந்ததாகவும், 'அனைவர் பார்வையிலும் படும்படி மாட்டவும்' என்று மட்டும் கடிதத்தில் இருந்ததாகவும் டீக்கடையில் சொன்னான். பார்த்துப் பார்த்து, கண்ணை மூடினாலும் அந்தச் சுழிகள் கோவர்த்தனனுக்குத் தெரிய ஆரம்பித்தன. மனசுக்கு ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது.

பாதுஷாவின் மச்சினன் வீட்டில் பன்னிரண்டாம் நாள் தண்ணீர் வந்தது.

பதிமூன்றாம் நாள் கோவர்த்தனனின் படிவம் திரும்பி வந்தது. அதில் இருபத்து மூன்றாவது கேள்வி: 'தங்கள் பொறுப்பில் உள்ள பனிமான்களின் எண்ணிக்கை.' கோவர்த்தனன் 'இல்லை' என்று எழுதியிருந்தார். 'ஆதாரம் இணைக்கவும்' என்று சிவப்பு மையில் குறிப்பு.

கிராம நிர்வாக அலுவலரிடம் போனார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று முறை வாசித்தார்.

"ஆடு இல்லை, மாடு இல்லைன்னு கேளுங்க, இப்பவே எழுதித் தாரேன். பனிமானை நான் பார்த்ததே இல்லையே."

"நானும்தான் சார் பார்த்ததில்லை."

"அதான் சிக்கல். பார்க்காத ஒண்ணை இல்லைன்னு எப்படிக் கையெழுத்துப் போடுறது? நாளைக்கு இருந்துச்சுன்னா என் வேலை போயிரும்." யோசித்து, மான் சம்பந்தப்பட்டது என்பதால் வனத்துறைக்கு ஒரு கடிதம் எழுதினார்.

மூன்றாம் நாள் காலை வனக்காவலர்கள் இருவர் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். வீட்டில் மான் வளர்ப்பது ஜாமீன் கிடைக்காத குற்றம் என்று அறிவித்துவிட்டுத் தேடத் தொடங்கினார்கள். கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். மொட்டை மாடியில் பார்த்தார்கள். ஒருவர் கிரைண்டருக்குள் டார்ச் அடித்தார்.

சுகுணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். "ஏங்க, எதைத் தேடுறாங்க?"

"மானை."

"எந்த மானை?"

"நம்மகிட்ட இல்லாத மானை."

"தண்ணிக்குத்தானே எழுதிக் குடுத்தீங்க?"

(இவர்கள் பேசிக்கொண்டது சௌராஷ்டிரத்தில். வாசகர் வசதிக்காகத் தமிழில் தரப்படுகிறது. இதற்கு நகராட்சியின் முன் அனுமதி பெறப்படவில்லை.)

ஒருவழியாகச் சான்று வந்தது. 'மேற்படி இல்லத்தில் சோதனையிட்டதில் மான் வகை எதுவும் தென்படவில்லை. சோதனை நேரத்தில் மேய்ச்சலுக்குச் சென்றிருக்கக்கூடுமா என்பது குறித்து இத்துறைக்குக் கருத்தில்லை.'

"போதுமய்யா இந்தக் கூத்து," என்றார் பாதுஷா. "எனக்கு வாயில ஒண்ணு, ஃபாரத்துல ஒண்ணு இல்ல. உனக்கு ரெண்டு இருந்துச்சு, நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. எதுக்குப் போய் ஒண்ணாக்குன? போயி, தெரியாம எழுதிட்டேன், தமிழ்னு மாத்துங்கன்னு கேளு."

கேட்கப் போனார். ஆணையர் சரண்யாதேவி அவரைக் கண்டதும் எழுந்து இரு கரம் கூப்பினார். விதி ஒன்பது அவருக்கும் உண்டு. ஆகவே அவர் கோவர்த்தனனைப் பார்த்தபடி வீரணனிடம் பேசினார்.

"என்ன வேணுமாம்?"

"தாய்மொழியைத் தமிழ்னு மாத்தணுமாம், மேடம்."

ஆணையரின் முகம் வாடிவிட்டது. "வீரணன், இந்த மாவட்டத்திலேயே நம்ம கிட்ட இருக்கிற ஒரே பயனாளி இவர். இவருக்காக ஒரு பிரிவு, ஒரு அறை, ஒரு பெஞ்சு. மூணு பேர் கமிட்டி. ரெண்டு ஆய்வறிக்கை. இவர் மொழி அழிஞ்சிடக் கூடாதுன்னு நான் ராத்திரி தூங்கறதில்லை. இவரே விட்டுட்டுப் போறேங்கிறார். ஒரு மொழி எப்படிச் சாகுதுன்னு இப்ப கண்ணால பார்க்கிறேன்."

"எனக்குத் தண்ணி மட்டும் வந்தாப் போதும் மேடம்," என்றார் கோவர்த்தனன்.

ஆணையர் காதைப் பொத்திக்கொண்டார். "தமிழ்ல பேசறார்! நான் கேட்கலை. வீரணன், நீங்க கேட்டீங்களா?"

"கேட்கலை மேடம்."

"மாத்தறதுன்னா தாயாரோட உறுதிமொழிப் பத்திரம் வேணும். எந்த மொழி கத்துக்கொடுத்தாங்கன்னு அவங்கதானே சொல்லணும்?"

கோவர்த்தனனின் அம்மா இறந்து பதினொரு வருடம். சாடையில் மேலே காட்டினார்.

"அப்படின்னா மொழி வாரிசுச் சான்றிதழ். அதுக்கு இன்னும் படிவம் அச்சாகலை. இதை அவருக்கு விளக்கிச் சொல்லிடுங்க."

"தமிழ்ல சொல்லக் கூடாதே மேடம்."

"அப்ப சொல்லாதீங்க. புரிஞ்சுகிட்டார்னு பதிவு பண்ணிக்கங்க."

பதிவானது.

கோவர்த்தனன் இப்போது சரியாக நடுவில் நின்றார். முன்னே போக மொழி உதவியாளர் இல்லை. பின்னே போக அம்மா இல்லை. வரத் தவறினால் விண்ணப்பம் ரத்து. தெருவிலோ ஜல்லி வந்து இறங்கியிருந்தது. தோளில் குடம் பட்ட இடம் கன்றிப்போய், சட்டை உரசினால் எரிந்தது. ஒருநாள் அவர் திரும்பி வரும்போது சுகுணா தெருமுனைக் குழாயடியில் ஒரு குடத்தை இடுப்புக்கு ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஓடிப்போய்ப் பிடுங்கினார். அன்று இருவரும் எந்த மொழியிலும் பேசிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி இருபத்தொன்று உலகத் தாய்மொழி நாள். தென்கரைக்குளம் நகராட்சி சாமியானா போட்டுக் கொண்டாடியது. சென்னையிலிருந்து உயர் அதிகாரிகள் வந்திருந்தார்கள். மேடையில் ஆணையருக்கு வலப்பக்கம் கோவர்த்தனனை உட்காரவைத்தார்கள். அழைப்பிதழில் அவர் பெயருக்கு முன்னால் 'வாழும் சான்று' என்று போட்டிருந்தது. கடவுள் வாழ்த்தைச் சிறுபான்மை மொழியில் பாட மகால் பக்கத்திலிருந்து திவ்யா என்ற கல்லூரிப் பெண்ணைக் கூட்டிவந்திருந்தார்கள்.

சால்வை போர்த்திய பிறகு கோவர்த்தனனிடம் மைக்கைக் கொடுத்தார்கள். தம் மொழியில் இரண்டு வார்த்தை.

ஒரு மாதமாக அடைத்துவைத்திருந்த வாய். கோவர்த்தனன் சௌராஷ்டிரத்திலேயே பேசினார்.

"ஐயா, அம்மா, எனக்குச் சால்வை வேண்டாம். எங்க தெருவுல நாளைக்கு ரோடு போடுறாங்க. அதுக்குள்ள ஒரு குழாய் குடுங்க. என் பொண்டாட்டிக்கு வயித்துல தையல் போட்டிருக்கு. நேத்து அவ குடம் தூக்கப் போனா. தையல் பிரிஞ்சா யாரு பொறுப்பு? முப்பத்தொரு நாளா உங்க பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன். என்கிட்ட மான் இல்லை. எங்கம்மா இல்லை. தண்ணி இல்லை. உங்க காலைப் பிடிக்கிறேன், என்னை விட்டுடுங்க."

உண்மையிலேயே கை கூப்பி அழுதுவிட்டார்.

கைத்தட்டல் அடங்க வெகு நேரமானது. முன்வரிசையில் உயர் அதிகாரி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆணையர் மைக்கை வாங்கினார்.

"என்ன இனிமை! மலைத்தேன் சொட்டியது போல் இருந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் இதயத்தைத் தொட்டது. தாய்மொழியில் பேசக் கிடைத்த மகிழ்ச்சியில் பெரியவர் கண்ணீரே விட்டுவிட்டார். இந்த ஆனந்தக் கண்ணீர்தான் நமக்குக் கிடைத்த விருது. இந்த உரை ஆவணக் காப்பகத்தில் நிரந்தரமாகப் பாதுகாக்கப்படும்."

கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் கை தட்டவில்லை. திவ்யா. அவள் மேடைப் படியருகே வந்து அவர் இறங்கக் காத்திருந்தாள்.

"மாமா, எனக்குப் புரிஞ்சுது," என்றாள் அவர்கள் மொழியில். "ஏன் முப்பத்தொரு நாள் உட்கார்ந்தீங்க? அதான் உள்ளே எழுதிப் போட்டிருக்காங்களே."

"எங்கே?"

ஒத்திகை பார்க்க அவளை உட்காரவைத்திருந்தது கொசு மருந்து அறையில். அவள் அவரை அங்கே அழைத்துப்போய் மாலை போட்ட தங்கச் சட்டத்தைக் காட்டினாள்.

"இதுவா? இது தகடு."

"தகடு இல்லை மாமா, நம்ம எழுத்து. நான் ஆன்லைன் கிளாஸ்ல கத்துக்கிட்டேன்." குங்குமம் படிந்த இடத்தை விரலால் துடைத்துவிட்டு வாசித்தாள். "'சௌராஷ்டிர மொழி பேசுவோர் கவனத்துக்கு. இந்த எழுத்தை வாசிக்கத் தெரியாதவர்கள், தெரியாது என்று அலுவலரிடம் வாயால் சொன்னால் போதும். அவர்களுடைய விண்ணப்பம் அன்றே வழக்கம்போல் தமிழில் பரிசீலிக்கப்படும்.'"

கோவர்த்தனன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதே இடத்தில். பலகை அவருடைய அளவுக்குக் குழிந்திருந்தது.

"கீழே சின்னதா இன்னொரு வரி இருக்கு," என்றாள் திவ்யா. "'விண்ணப்பித்த முப்பது நாட்களுக்குள்.'"

வீரணன் வாசலில் நின்றிருந்தான். அவள் அதைத் தமிழில் சொல்லக் கேட்டதும் அவனுக்கு வியர்த்தது. விதி ஒன்பதை மறந்து பேசினான். "அண்ணே, சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே. நான் அதுக்கு ஊதுபத்தில்ல கொளுத்திக்கிட்டு இருந்தேன்."

"நானும் கும்பிட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்," என்றார் கோவர்த்தனன்.

மூவரும் ஆணையரிடம் ஓடினார்கள். விஷயத்தைத் திவ்யா எடுத்துச் சொன்னாள். சரண்யாதேவி காலண்டரைப் பார்த்தார். உண்மையாகவே வருந்தினார்.

"நேற்றோடு முடிந்துவிட்டதே. ஒரு நாள்தானே என்று நான் தளர்த்தலாம். ஆனால் நாளைக்குச் சொல்வார்கள், தமிழ் அறிவிப்பு என்றால் தேதியை மதிப்பாள், சின்ன மொழி என்றால் மதிக்க மாட்டாள் என்று. அந்த அவமரியாதையை இந்த மொழிக்கு நான் செய்ய மாட்டேன். அவரைப் புது விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். சாலைப் பணி முடிந்த ஐந்தாவது ஆண்டில் முன்னுரிமை தரலாம்."

மறுநாள் காலை ஆறு மணிக்கே கலவை இயந்திரம் நாலாவது தெருவுக்குள் வந்துவிட்டது. மொக்கையன் பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, கோவர்த்தனன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனான். மாலைக்குள் அவர் வாசல் வரைக்கும் ரோடு விழுந்தது.

அடுத்த மாதம் தென்கரைக்குளம் நகராட்சிக்குச் சிறந்த தாய்மொழிச் சேவைக்கான கேடயம் கிடைத்தது. விண்ணப்பத்தில், சிறுபான்மை மொழியில் பெறப்பட்ட புகார்கள் என்ற இடத்தில் 'ஏதுமில்லை' என்று இருந்தது.

புதுச் சிமெண்ட் இறுக வேண்டும் என்பதற்காக நகராட்சி லாரி தினமும் இரண்டு வேளை வந்து நாலாவது தெரு ரோட்டுக்குத் தண்ணீர் ஊற்றியது. கோவர்த்தனன் அதில் ஏழு ஏழு குடமாகப் பிடித்துக்கொண்டார். பதினான்கு நாள் வரைக்கும் கஷ்டமில்லை.